பிள்ளை பெற்று வளர்த்த பிறகு மிஸ்ஸி வேலையா? டிப்ளோமா, பராமரிப்புச் சான்றிதழ், கிளினிக்: மூன்றையும் வைத்து ஓர் அலசல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில், பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு மிஸ்ஸி வேலைக்கு, அதாவது தாதி வேலைக்கு, படிக்க நினைக்கும் பெண்ணுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. தாதியர் டிப்ளோமா, பராமரிப்பாளர் சான்றிதழ், பக்கத்து கிளினிக்கில் உதவியாளர் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். சட்டம், சம்பளம், உடம்பு படும் பாடு எல்லாம் வேறு வேறு. நானும் இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு படித்து இந்த வேலைக்கு வந்தவள்தான். அதனால் எந்தக் கோர்ஸ் பெரியது என்று கேட்பவர்களிடம், அறுபது வயது வரை எந்த வேலையை உங்களால் தாங்க முடியும் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

கிளினிக்கை முதலில் முடித்துவிடலாம். வீட்டுக்குப் பக்கம், பெரும்பாலும் இரவு வேலை கிடையாது, பெரிய படிப்பும் கேட்பதில்லை. பெயர் பதிவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, மருந்து கட்டுவது எல்லாம் வேலையிலேயே கற்றுக்கொள்ளலாம். ஆனால் பத்து வருடம் நின்றாலும் பதவி ஏறாது, வேறு ஊருக்குப் போனால் கையில் காட்ட ஒரு தாள் இருக்காது. சின்னப் பிள்ளை வைத்திருப்பவர் சில காலம் பார்க்க நல்ல வேலை. வாழ்நாள் வேலையாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உண்மையான போட்டி டிப்ளோமாவுக்கும் பராமரிப்புச் சான்றிதழுக்கும்தான்.

டிப்ளோமா மூன்று ஆண்டு, முழுநேரம். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் மலாய், கணிதம், அறிவியலுக்குக் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, இல்லாமல் உள்ளே நுழைவது கடினம். படித்து முடித்து மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறி, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ்ப் பெயர் பதிந்தால்தான் நீங்கள் தாதி. அப்புறம் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

வகுப்பில் பக்கத்தில் இருப்பவருக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையில் கஷ்டம் கொடுப்பது இரண்டு விஷயம். ஒன்று, ஆங்கிலத்தில் வரும் உடற்கூறும் மருந்தியலும். இன்னொன்று கணக்கு. 500 மில்லி டிரிப்பை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42. பள்ளியை விட்டு இருபது வருடம் ஆனவருக்கு இது முதலில் பயமாகத்தான் இருக்கும். தினம் மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பழகினால் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வீட்டுக் கணக்கை வருடக்கணக்கில் சமாளித்த பெண்களுக்குக் கணக்கு வராது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பணம்? தனியார் கல்லூரியில் கட்டணம் பல பத்தாயிரம் வெள்ளி. பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வயது 45ஐத் தாண்டியிருக்கக் கூடாது. இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதிப் பணத்தில், செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து படிப்புக்கு எடுக்கலாம். சில தனியார் மருத்துவமனைகள் படிக்க வைத்துவிட்டு, பிறகு சில ஆண்டுகள் தங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகின்றன. 38 வயதில் சேர்ந்தால் 41இல் வெளியே வருவீர்கள், ஓய்வு வயது 60 வரை 19 ஆண்டுகள் மிச்சம். முதலீடு வீண் போகாது. ஐம்பதில் சேர்ந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது, அதையும் நேராகவே சொல்ல வேண்டும். அரசு வழியில் போவதென்றால் விளம்பரத்தில் வயது வரம்பை முதலில் பாருங்கள். வேலை சபாவிலோ ஜொகூரிலோ விழுந்தால் வீட்டில் யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பராமரிப்பாளர் வழியில் இவ்வளவு தடை இல்லை. மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், 2006ஆம் ஆண்டுத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவது. எஸ்பிஎம் தேர்ச்சி கேட்பதில்லை, மலாய் பேசவும் எழுதவும் தெரிந்தால் போதும். ஏற்கெனவே முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர், அந்த அனுபவத்தையே சான்றுகளோடு காட்டிச் சான்றிதழ் வாங்கும் வழியும் உண்டு. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தாமான் வீடமைப்புப் பகுதிகளில் தனியாக இருக்கும் பெரியவர்கள் நம் ஊரிலேயே எத்தனை பேர்! வேலைக்குப் பஞ்சம் வராது.

ஆனால் மூன்று வழிகளில் உடம்பை அதிகம் கேட்பது இதுதான். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். ஒரு ஆள் எடையைத் தினமும் தூக்கும் வேலை. அம்மா பால்மரம் வெட்டி முட்டி தேய்ந்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சம்பளமும் பல இடங்களில் குறைந்தபட்ச ஊதியமான 1,700 வெள்ளியை ஒட்டியே நிற்கிறது. இந்த வேலை செய்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. "ஆறே மாதத்தில் நர்சிங்" என்று ஒட்டப்படும் விளம்பரங்கள். அந்தத் தாளை வைத்துத் தாதியர் வாரியத்தில் பதிய முடியாது. கல்லூரிப் பெயரை வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலிலும் மலேசியத் தகுதி முகமையின் இணையப் பதிவேட்டிலும் தேடிப் பார்க்காமல் ஒரு வெள்ளி கூடக் கட்டாதீர்கள்.

சரி, டிப்ளோமா முடித்தாயிற்று. எங்கே வேலை செய்வது? கோர்ஸை விட இதுதான் பெரிய முடிவு, இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஈப்போவில் பெரிய மருத்துவமனை வார்டு என்றால் காலை, மாலை, இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் எழுவது தோட்டத்துப் பெண்களுக்குப் புதிதில்லை. ஆனால் நாற்பதுக்கு மேல் இரவு முழுக்க விழித்து, காலையில் மோட்டாரில் வீடு திரும்பி, வந்ததும் சமைப்பது வேறு கதை. இருந்தாலும் முதல் இரண்டு வருடம் வார்டில் இருந்தே ஆக வேண்டும். அங்கேதான் கை பழகும், ஒருவர் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று தெரியும் கண் வரும்.

அதற்குப் பிறகு, தாமதமாக வந்தவர்களுக்கு டயாலிசிஸ் மையத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். பெரும்பாலான மையங்களில் இரவு முழுக்க விழிக்கும் ஷிப்ட் கிடையாது. நோயாளி வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் வருவார். அதே முகங்களை வருடக்கணக்கில் பார்க்கிறோம். சிறுநீரகத் தாதிமையில் மேற்பயிற்சி எடுத்தால் சம்பளத்துக்கும் நல்லது.

வேலை எப்படி? வந்ததும் எடை. போன முறையை விட 4 கிலோ ஏறியிருந்தால் அது ஏறக்குறைய 4 லிட்டர் நீர். அவ்வளவையும் அவசரமாக எடுத்தால் ரத்த அழுத்தம் விழும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அடுத்து கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தின் மேல் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், பூனை உறுமுவது போல் ஓர் அதிர்வு தெரியும். அது இல்லையென்றால் ஊசி போடக் கூடாது, உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு தடித்த ஊசிகள்.

நாம் தமிழ் பேசுவதன் மதிப்பு இங்கேதான் தெரியும். 2023 தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சிறுநீரகம் பழுதாவதற்கு அதுவே முதல் காரணம், நம் சமூகத்தில் அந்த நோய் கூடுதல். "உப்பைக் குறையுங்கள்" என்றால் ஐயா தலையாட்டுவார். "ஊறுகாய் தொட்டுக்கிட்டீங்களா, சூட்டுக்கு இளநீர் குடிச்சீங்களா, யாராவது பிளிம்பிங் பழம் கொடுத்தாங்களா?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அது ஏறினால் இதயமே நின்றுவிடலாம். பிளிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், சிறுநீரக நோயாளிக்கு விஷம். அதைப் பாட்டியின் மொழியில் சொல்லத் தெரிந்தவர் ஒரு உயிரைக் காப்பாற்றுகிறார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குறையும் உண்டு. தீபாவளியன்று உடம்பில் நீர் சேராமல் இருக்காது, அதனால் பண்டிகைக்காக டயாலிசிஸைத் தள்ளிக்கொண்டே போக முடியாது. ரத்தத்தோடு வேலை என்பதால் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். பழகிய நோயாளி ஒருவர் தவறும்போது அந்த நாற்காலியைப் பார்க்கவே மனம் வராது.

ஆக, கிரெடிட் கையில் இருக்கிறது, வயது 45க்குள், மூன்று வருடம் வீடு தாங்கும் என்றால் டிப்ளோமா, வார்டு, பிறகு டயாலிசிஸ். கிரெடிட் இல்லை, உடனே வருமானம் வேண்டும் என்றால் எஸ்கேஎம்; படிக்கும் ஆசை அடங்காவிட்டால் எஸ்பிஎம்மைத் தனியார் மாணவராக மறுபடி எழுதலாம், அதற்கு வயது தடையில்லை.

படிக்க வைக்கும் மருத்துவமனையின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். எத்தனை ஆண்டு கட்டுப்பாடு? எந்த ஊர் மருத்துவமனை? பாதியில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? ஜாமீன் போடப் போகும் அண்ணனையோ சித்தப்பாவையோ கூடவே அழைத்துப் போங்கள், பதிலை அவரும் நேரில் கேட்கட்டும்.