தவிடா, மரவள்ளித் தோலா, ஆலைச் சக்கையா? கோழிக்கு எது சரிவரும்

கோழிப்பண்ணைச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறும்போது ஆலைக் கழிவுகளின் பக்கம் பார்வை திரும்புவது நியாயம்தான். ஆனால் புரதம் எவ்வளவு, மூட்டை என்ன விலை என்று மட்டும் விசாரித்தால் போதாது. எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

எளிதில் கிடைப்பது அரிசித் தவிடு. புதுத் தவிட்டில் 12 முதல் 14 சதவீதம் புரதமும், கிட்டத்தட்ட 15 சதவீதம் எண்ணெயும் இருக்கும். அந்த எண்ணெய்தான் கோழிக்கு எரிசக்தி, சிக்கலும் அதனால்தான். நெல்லைத் தீட்டிய சில மணி நேரத்திலேயே தவிட்டிலுள்ள லைபேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். அப்புறம் காறல் வாடை வரும், கோழி ஒதுக்கும். உடனே சூடுபடுத்தி நொதியை முடக்கினால் பல வாரம் தாங்கும். அந்த வசதி இல்லாதவர்களுக்கு எண்ணெய் நீக்கிய தவிடே மேல். சுலபத்தில் கெடாது, புரதமும் சற்றுக் கூடும். ஆனால் எரிசக்தி குறைந்து நார் மிகுந்துவிடுவதால், வேகமாக எடை போட வேண்டிய கறிக்கோழிக்கு ஒத்துவராது, முட்டைக்கோழிக்குப் பரவாயில்லை. தவிட்டிலுள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் கோழியால் செரிக்க முடியாத ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால்தான் அது கோழிக்கு நன்றாகக் கிடைக்கும்.

புரதத்தில் தவிட்டை விஞ்சுவது மக்காச்சோள எத்தனால் ஆலையின் உலர்ந்த சக்கை, அதாவது டிடிஜிஎஸ். சுமார் 27 சதவீதம் புரதம். மாவுச்சத்து சாராயமாகப் போய்விடுவதால் மற்றதெல்லாம் ஏறக்குறைய மூன்று மடங்கு செறிவாகத் தங்குகிறது. தானியத்தில் பூஞ்சண நஞ்சு இருந்திருந்தால் அதுவும் மூன்று மடங்குதான். பரிசோதனை அறிக்கை இல்லாமல் இதை வாங்கவே கூடாது. நிறத்தையும் பாருங்கள். பொன் மஞ்சளாக இருந்தால் சரி. கரும்பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் உலர்த்தும்போது சூடு மிஞ்சி, லைசின் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் பாழாகியிருக்கும். அறிக்கையில் புரத அளவு குறையாமல் இருந்தாலும் கோழிக்கு அது உதவாது.

மரவள்ளித் தோலின் கதை வேறு. அதில் புரதம் சொற்பம். மக்காச்சோளத்தின் ஒரு பகுதிக்கு ஈடாகுமே தவிர, சோயாவின் இடத்தைப் பிடிக்காது. சதையைவிடத் தோலில்தான் சயனைடு நஞ்சு அதிகம் என்பதால் பச்சையாகப் போடுவது ஆபத்து. துருவும்போது செல்கள் உடைந்து, லினமாரின் என்ற பொருளை அதன் நொதி சிதைக்கிறது. அப்படி வெளிப்படும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகக்கூடியது. அதனால் துருவி, நீரைப் பிழிந்து, மெல்லப் பரப்பி வெயிலில் உலர்த்துவதே நல்ல வழி. அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் காயவைத்தால் நொதி வேலையை முடிக்குமுன்னே செயலிழந்துவிடும். மிச்ச நஞ்சை முறிக்கக் கோழியின் உடல் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களைச் செலவழிப்பதால் அவற்றில் ஒன்றான மெத்தியோனினைக் கூடுதலாகத் தர வேண்டும். மஞ்சள் கருவும் வெளுக்கும். உழைப்பு மிகுந்த தீவனம் இது, ஆனால் தோல் மலைமலையாகக் குவியும் இடத்தில் அந்த உழைப்புக்கு அர்த்தம் உண்டு.

புண்ணாக்குகளில் கடலை ருசியானது, புரதமும் 40 சதவீதத்துக்கு மேல். ஈரத்தில் வைத்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு வந்துவிடும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை முட்டைக்கோழிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள காசிப்போல் என்ற நச்சுப்பொருள், இருப்பு வைத்த முட்டையின் கருவைப் பச்சை கலந்த பழுப்பாக்கிவிடும்.

முட்டைக்கோழி வைத்திருக்கும் சிறு பண்ணையாளர் எண்ணெய் நீக்கிய தவிட்டில் தொடங்கலாம். பரிசோதிக்க வழி உள்ளவர் டிடிஜிஎஸ்ஸுக்குப் போகலாம். எதுவானாலும் முதலில் 5 சதவீதம் மட்டும் கலந்து, முட்டை எண்ணிக்கையையும் எடையையும் சில வாரம் பார்த்த பிறகே கூட்டுங்கள். இளங்குஞ்சுகளுக்கு இவை எதுவும் வேண்டாம்.