சுங்கை சிப்புட் கல்வி ஆலோசனை சென்டர்: ஆர்கிடெக்சர், பிசினஸ் ரெண்டும் ஆசையா? இங்க போய் கேளுங்க

தங்கச்சிக்கு ஆர்கிடெக்சரும் வேணும் பிசினஸும் வேணும்னு ஒரே பிடிவாதம், அதான் டவுன்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில இருக்கிற இந்த சென்டருக்கு கூட்டிட்டுப் போனோம், காசு வாங்கல. அங்க உள்ள அக்கா ரொம்ப பொறுமை. ஒரு பேப்பர்ல கோடு போட்டு, டிகிரி முடிச்சா பார்ட் 1, மாஸ்டர் முடிச்சா பார்ட் 2, வேலை அனுபவத்தோட பார்ட் 3 பரீட்சை பாஸ் பண்ணாதான் ப்ரொஃபெஷனல் ஆர்கிடெக்ட்னு பதியலாம், அதனால ஆர்கிடெக்டுகள பதியிற வாரியமான லெம்பாகா ஆர்கிடெக் மலேசியாவோட அங்கீகாரம் கோர்ஸுக்கு இருக்கான்னு முதல்ல பாருமா, கோர்ஸ் பேர்ல மயங்கிடாதன்னு நேராவே சொன்னாங்க. ஸ்டூடியோ வேலை ராத்திரி பகலா கட்டட மாடல் ஒட்ட வைக்கும், அதனால பிசினஸ மைனரா, அதாவது துணைப் பாடமா எடு, இல்லாட்டி பின்னாடி எம்பிஏ படின்னாங்க, எனக்கு அது நூத்துக்கு நூறு சரின்னு பட்டுச்சு. பால்மரம் வெட்டி படிக்க வைக்கிற குடும்பத்துக்கு ஒரு வருஷம் வீணானாலும் பெரிய அடிலா. பிடிபிடிஎன்ங்கிற அரசாங்க படிப்புக் கடன் பத்தி மட்டும் அவசரமா முடிச்சிட்டாங்க, அத இன்னும் விளக்கணும். சனிக்கிழமை கூட்டம், வேற நாள்ல போங்க, பிள்ள வரைஞ்ச படங்களையும் கையோட எடுத்துட்டுப் போங்க, அக்கா ஒவ்வொன்னா பார்ப்பாங்க.