கிளை நூலகத்தில் குடும்ப நிகழ்ச்சிகள்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நான்கு வயது நிரம்பியிருந்த மகளை அழைத்துக்கொண்டு அங்கே நடந்த கதை நேரத்துக்கு முதன்முறையாகப் போனேன். வாசிப்புப் பழக்கத்தை வளர்க்க வேண்டும் என்ற நோக்கமெல்லாம் அன்று எனக்கு இல்லை. வீட்டில் மின்சாரம் போய்விட்டது, நூலகம் வேறு லைனில் இருந்தது, அவ்வளவுதான். இன்று மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் கதவு சாத்தப்பட்ட பின் குழந்தைகள் நிகழ்ச்சிகள் பழையபடி சூடுபிடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தைக் கழித்துவிட்டால், ஐந்து ஆண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளை அங்கே செலவிட்டிருக்கிறோம். கதை, ஓரிகாமி, பொம்மலாட்டம், கோடை முகாம், ஓவியப் போட்டி என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில், எவை எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டன, எவை ஒட்டவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இந்த நிகழ்ச்சிகளை இலவசம் என்று பலரும் சொல்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. இப்போது அது வரியில் நூற்றுக்குப் பத்து. ஆகவே கதை நேரத்தில் பாய் போதவில்லை என்றால் அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நான் கேட்டேன், ஒரு மாதத்தில் இரண்டு கோரைப்பாய்கள் வந்தன.

ஒட்டிக்கொண்டவற்றில் முதலிடம் பெற்றோருக்கும் வேலை வைத்த நிகழ்ச்சிகளுக்கே. தொடக்கத்தில் கதைசொல்லி ஒருவர் வருவார், குழந்தைகள் முன்னால் உட்காருவார்கள், பெற்றோர் பின்சுவரில் சாய்ந்து கைப்பேசி பார்ப்போம். கதை நன்றாகவே இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அது கரைந்துவிடும், ஏனென்றால் அதைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லை. 2022இல் புதிதாக வந்த நூலகர் இந்த முறையை மாற்றினார். ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பம் தன் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து, அதைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். கதைப்புத்தகக் கதை கூடாது என்பது மட்டுமே விதி.

மூன்றாவது வாரம் ஒரு பாட்டி பல்லாங்குழியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். மீன் வடிவில் மடங்கும் மரப்பலகை. இருபுறமும் ஏழேழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டைகளை நிரப்பியபோது ஒரு கொட்டை குறைந்தது. தன் திருமணத்திற்கு மறுநாள் மாமியாருடன் ஆடியபோது தொலைந்த கொட்டை அது என்றும், வேறு கொட்டை போட மனம் வராமல் அறுபத்தொன்பதை வைத்தே நாற்பது ஆண்டுகள் ஒப்பேற்றிவிட்டதாகவும் அவர் சொன்னதுதான் கதை. பிறகு ஆட்டம் தொடங்கியது. ஒரு குழியில் நான்கு கொட்டைகள் சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிக்கொடுக்க, என் மகள் அடுத்து எந்தக் குழியில் பசு விழும் என்பதை வாய்க்குள்ளேயே எண்ணத் தொடங்கினாள். அந்த வாரம் விளையாட்டுகளைப் பற்றிய புத்தகம் எங்கே இருக்கிறது என்று அவளாகவே நூலகரிடம் கேட்டாள். அதுவரை இரவல் எடுத்த புத்தகங்கள் எல்லாம் நான் தேர்ந்தெடுத்துக் கையில் திணித்தவை.

நிகழ்ச்சி முடிந்ததும் அதைத் தொட்ட நாலைந்து நூல்கள் கைக்கு எட்டும் மேசையில் இருக்க வேண்டும் என்பதை நூலகர் புரிந்துவைத்திருக்கிறார். பொம்மலாட்டம் நடந்த நாளில் பொம்மைகளைப் பற்றிய நூல்கள், கோலம் போட்ட நாளில் புள்ளிக் கணக்கு நூல்கள். நிகழ்ச்சி முடிந்த கையோடு மேசை காலியாகிவிடும். இது சின்ன ஏற்பாடுதான். ஆனால் மற்ற இடங்களில் பார்த்த பல நல்ல நிகழ்ச்சிகள் மேசை இல்லாத குறையால் வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிட்டன.

எங்களுக்கு ஒட்டாதவை போட்டிகள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் வருகிறது. அந்த வாரத்தில் ஓவியம், கட்டுரை, பேச்சு என்று போட்டிகள் அடுக்கடுக்காக நடக்கும்; ஆண்டில் மற்ற நாள்களில் எட்டிப்பார்க்காத குடும்பங்கள்கூட அன்று வரும், சான்றிதழ் வாங்கியதும் போய்விடும். ஒரு நூலகத்தில், எது என்று சொல்ல விரும்பவில்லை, காலை 10 மணிக்குத் தொடங்க வேண்டிய வண்ணம் தீட்டும் நிகழ்ச்சி, சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்து, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்தபின் பதினொன்றரைக்குத் தொடங்கியது. அதற்குள் என் மகன் தன் கிரேயான்களில் இரண்டை உடைத்து, ஒன்றை வாயில் வைத்திருந்தான். பரிசு கிடைக்காத குழந்தைகள் அழுததையும், அவர்களுடைய தாய்மார்கள் தாங்களே தோற்றதைப்போல் முகம் வாடி நின்றதையும் பார்த்தபின், போட்டி என்று அறிவிப்புப் பலகையில் கண்டால் அந்த வாரம் நாங்கள் புத்தகம் மாற்றுவதோடு சரி.

பெரிய நூலகங்களோடு ஒப்பிடாமல் இதை எழுதுவது நியாயமாகாது. கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளம் குழந்தைகளுக்கானது. நடுவே நிற்கும் செயற்கை மரத்தைப் பார்த்ததும் என் மகன் புத்தகங்களை மறந்து கிளைகளை எண்ணத் தொடங்கினான். மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும், உறவினர் வீட்டுக்குப் போனபோது ஒருமுறை அழைத்துச் சென்றேன். குழந்தைகள் பகுதியிலிருந்து கிளம்ப இருவரும் மறுத்தார்கள். இடவசதியிலும் நூல்களின் வகையிலும் எங்கள் கிளை நூலகம் இவற்றின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் பேருந்து மாறிப் போகும் இடத்துக்கு மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது. கிளை நூலகத்திலோ போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்த அதே பிள்ளை இந்த வாரமும் பக்கத்தில் உட்காருகிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவை மறுநாள் காய்கறிக் கடையில் பார்க்கிறோம். குடும்ப நிகழ்ச்சி என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான்.

இனி குறைகள். இடம்தான் தீராத பிரச்சினை. எங்கள் கிளை நூலகத்தின் வாசிப்பு அறை காலையிலிருந்தே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களால் நிரம்பிவிடுகிறது. குரூப் 4 தேர்வு நெருங்கினால் மாடிப்படிகளிலும் உட்கார்ந்திருப்பார்கள். இருபது குழந்தைகள் யானையைப்போல் பிளிறும் கதை நேரம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்பதை ஒருவர் புகார்ப் பதிவேட்டில் அரைப்பக்கத்துக்கு எழுதினார். அவர் எழுதியதில் ஒரு சொல்லும் தவறில்லை. வாசகர் வட்டத்தில் இதைப் பேசி, கதை நேரத்தை ஞாயிறு மாலை நாலரை முதல் ஐந்தரை வரை என்று சுருக்கி, மொட்டை மாடிக்கு மாற்றினோம். கூரைத் தகரத்துக்கு வாசகர் வட்டத்தினர் பணம் சேர்த்தார்கள். மழைக்காலத்தில் மட்டும் நிகழ்ச்சி நின்றுவிடுகிறது. புகார் எழுதிய இளைஞர் அடுத்த கோடையில் தாமாகவே மேலே வந்து, எங்கள் குழந்தைகளுக்கு எண் புதிர்கள் போட்டுக்காட்டினார். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்வரை மாதம் ஒரு மாலை அவருடையதாக இருந்தது.

அப்பாக்கள் வருவதில்லை. வந்தாலும் வண்டியைவிட்டு இறங்குவதில்லை. என் கணவரையும் சேர்த்தே சொல்கிறேன். காற்றாடி செய்யும் நாளில் மூங்கில் ஈர்க்கு சீவ ஆள் வேண்டும் என்று நூலகர் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் அவர் மாடிப்படி ஏறினார். கழிப்பறையைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. குழந்தைகளை வீட்டிலேயே போய்வரச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். நிகழ்ச்சி அறிவிப்பு வாசல் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதப்படுவதோடு முடிகிறது என்பதால், உள்ளே வருபவருக்குத்தான் நிகழ்ச்சி இருப்பதே தெரியும். புதிதாகப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறோம்.

வீட்டுப் பொருள்களின் கதைகள் ஓராண்டு நடந்தபின் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. குழந்தைகளே அவற்றைக் கோடு போட்ட தாளில் எழுத, பெற்றோர் படம் வரைய, கோணி ஊசியால் தைத்து அட்டை போட்டோம். நூலகர் அதற்கும் முதல் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டி, தனிப் பதிவேட்டில் எண் கொடுத்து, மற்றப் புத்தகங்களோடு அடுக்கில் வைத்தார். முதல் ஆறு முத்திரைகளும் கதை எழுதிய வீட்டாருடையவை. சென்ற மாதம் அந்தக் கைப்பிரதி அடுக்கில் இல்லை. இரவல் போயிருக்கிறது, எடுத்தவர் எங்கள் கூட்டத்தில் யாரும் இல்லை, திருப்பித் தரவேண்டிய நாளும் கடந்துவிட்டது. யார் எடுத்தது என்று மகள் வாரந்தோறும் கேட்கிறாள். உறுப்பினர் விவரத்தைச் சொல்லக்கூடாது என்கிறார் நூலகர்.