ரீபூட்டில் உறைந்து நிற்கும் மெய்நிகர் கணினிகள்: கேவிஎம், கியூஎமு பற்றிய நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

திருகோணமலை உவர்மலையில் இயங்கும் ஒரு கல்வி நிலையத்தின் சேர்வர்களைப் பராமரிப்பவன் என்ற முறையில், 2021 முதல் டெபியன் லினக்ஸில் கேவிஎம் (லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலில் உள்ள மெய்நிகராக்க வசதி), கியூஎமு (மெய்நிகர் கணினியை இயக்கும் நிரல்), லிப்வெர்ட் (அவற்றை நிர்வகிக்கும் கருவி) ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தி வருகிறேன். ஒரே ஹோஸ்ட் கணினியில், அதாவது மற்றவற்றைத் தாங்கும் உண்மையான கணினியில், கணக்கு மென்பொருளுக்கான விண்டோஸ் சேர்வர் ஒன்றும், இணையத்தளத்துக்கும் காப்புப் பிரதிக்குமான லினக்ஸ் கணினிகளும் மெய்நிகராக இயங்குகின்றன. வேகத்திலும் நம்பகத்திலும் குறை சொல்ல இடமில்லை. உரிமக் கட்டணம் இல்லை என்பது, 2022இல் டொலர் கிடைக்காமல் நாடு தவித்த காலத்தில் எங்களுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. நீண்ட காலம் தொல்லை தந்த ஒரே விடயம், ரீபூட் செய்யும்போதோ அணைக்கும்போதோ மெய்நிகர் கணினி உறைந்து நிற்பதுதான். இதே தொல்லையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதைப் பற்றி மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மெய்நிகர் கணினியை ரீபூட் செய்வதும், அதை முழுமையாக நிறுத்திவிட்டு மறுபடி இயக்குவதும் இரு வேறு செயல்கள். ஹோஸ்ட்டின் பார்வையில் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் ஒரு கியூஎமு செயல்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். உள்ளேயிருந்து ரீபூட் கட்டளை கொடுத்தால் அந்தச் செயல்முறை முடிவதில்லை; மெய்நிகர்ச் செயலிகள் மட்டும் ரீசெட் செய்யப்பட்டு, பயோஸ் எனும் தொடக்க நிரலின் கட்டத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்குகின்றன. ஆகவே ஒரு விண்டோஸ் கணினி வாரந்தோறும் ரீபூட் ஆகியிருந்தாலும், அதைத் தாங்கும் கியூஎமு செயல்முறை பல மாதங்கள் பழையதாக இருக்கலாம். அதன் வயதை அறிய, விண்டோஸ் காட்டும் இயங்குநேரத்தைப் பார்ப்பதில் பயனில்லை. ஹோஸ்ட்டில் பிஎஸ் கட்டளை மூலம் அந்தச் செயல்முறை எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

உறைந்த கணினியைக் கண்டதும் வலுக்கட்டாயமாக நிறுத்தத்தான் கை போகும். அதற்கு முன் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். அணையும்போதே நின்றதா, அல்லது அணைந்து ரீசெட் ஆகி, மேலெழும்போது நின்றதா? லினக்ஸ் கெஸ்ட் (ஹோஸ்ட்டுக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) என்றால், கேர்னல் தொடக்க வரியில் சீரியல் போர்ட்டைக் கொன்சோலாக (செய்திகள் வெளிவரும் இடமாக) முன்கூட்டியே அமைத்து வைத்தால், லிப்வெர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷின் கொன்சோல் கட்டளையில் கடைசிச் செய்தி வரை வாசிக்கலாம். விண்டோஸுக்கு விர்ஷ் ஸ்கிரீன்ஷொட் போதும். இந்த இரண்டு வசதிகளும் இல்லாதிருந்தால் காரணங்களை என்னால் பிரித்தறிந்திருக்கவே முடியாது.

எங்கள் லினக்ஸ் கணினிகளில் ஒன்று நின்றது அணையும் கட்டத்தில். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழைக் காலத்தில் மின்சாரம் போனால், யூபிஎஸ் சமிக்ஞை கொடுக்க ஹோஸ்ட் தானாக அணையத் தொடங்கும். அப்போது காப்புப் பிரதிக் கணினி மட்டும் அணையாமல் நிற்கும். சீரியல் கொன்சோலில் ஒரு சேவை நிற்பதற்காகக் காத்திருப்பதாக, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் செய்தி தெரிந்தது. வழக்கமான சேவை ஒன்று அடம்பிடித்தால் சிஸ்டம்டி இயல்பாக 90 செக்கன் பொறுத்து அதைக் கொன்றுவிடும். இங்கே தடையாக இருந்தது, நெட்வேர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் முறையில் இணைத்திருந்த சேமிப்புப் பெட்டி. அந்தப் பெட்டியும் அதன் நெட்வேர்க் சுவிட்சும் யூபிஎஸ்ஸில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. மின்சாரம் போனதும் அவை அணைந்துவிட, என்எஃப்எஸ்ஸின் இயல்பான ஹார்ட் மவுண்ட் முறை, மறுமுனை பதிலளிக்கும் வரை ஓயாமல் முயன்றுகொண்டே இருந்தது. அந்த நிலையில் சிக்கிய செயல்முறையைக் கொல்லும் சமிக்ஞை கூட எளிதில் எட்டுவதில்லை. லிப்வெர்ட் ஒவ்வொரு கெஸ்ட்டுக்காகவும் இயல்பாக 300 செக்கன் காத்திருக்கும். கெஸ்ட்களை ஒன்றன்பின் ஒன்றாகவே அணைக்கும். அதற்குள் யூபிஎஸ் பற்றரி தீர்ந்துவிடும் அபாயம் இருந்தது. சுவிட்சையும் பெட்டியையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றி, காப்புப் பிரதி எடுக்கும் நேரத்தில் மட்டும் இணையும்படி சிஸ்டம்டி ஓட்டோமவுண்ட்டை அமைத்த பின் இந்தச் சிக்கல் தீர்ந்தது. சில முயற்சிகளுக்குப் பின் கைவிட்டுவிடும் சொஃப்ட் மவுண்ட் முறையைப் போடும்படி சிலர் சொல்வதுண்டு. எழுதிக்கொண்டிருக்கும் தரவு பாதியில் கைவிடப்படலாம் என்பதால் காப்புப் பிரதிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ் சேர்வரின் கதை வேறு. அது ஒழுங்காக அணைந்து, ரீசெட் ஆகி, மேலெழும்போது சுழலும் புள்ளிகளுடன் நின்றுவிடும். விர்ஷ் ரீசெட் கொடுத்தாலும் அதே இடத்தில் நிற்கும். முழுமையாக நிறுத்தி இயக்கினால் எதுவுமே நடக்காதது போல் மேலெழும். எப்போதாவது ஒருமுறை வந்ததால், வன்பொருள் கோளாறா, புதுப்பிப்பின் கோளாறா என்று முடிவெடுக்க முடியாதிருந்தது. 2022இல், நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த அந்தக் கொடிய மாதங்களில், எல்லாமே அடிக்கடி அணைந்து எழுந்தபோது இது ஒருமுறை கூடத் தலைகாட்டவில்லை. மின்விநியோகம் சீரான பிறகே தொடங்கியது. இதுதான் எனக்குக் கிடைத்த முக்கியமான தடயம்: செயல்முறை நீண்ட காலம் நிற்காமல் ஓடினால் மட்டுமே சிக்கல் வருகிறது.

செயலியில் டைம் ஸ்டாம்ப் கவுண்டர் என்றொரு எண்ணி உண்டு. கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப அது இடைவிடாமல் ஏறிக்கொண்டே போகும். செயலி ரீசெட் ஆகும்போது அது பூச்சியத்துக்குத் திரும்ப வேண்டும். கியூஎமுவும் பூச்சியத்தை எழுதத்தான் செய்தது. ஆனால் கேவிஎம், பூச்சியம் எழுதப்படுவதைப் புதிய செயலி ஒன்று சேர்க்கப்படுவதன் அடையாளமாக எடுத்துக்கொண்டு, எண்ணியை மற்றச் செயலிகளுடன் ஒத்திசைய விட்டுவிடும். முதல் தொடக்கத்தில் அது சரி. ரீபூட்டின்போது எண்ணி பழைய பெரிய எண்ணிலேயே தொடரும். அந்த எண் 2இன் 54ஆம் அடுக்கை, அதாவது 18,014,398,509,481,984ஐத் தாண்டியிருந்தால், விண்டோஸின் சில பதிப்புகள் தொடக்கத்தில் நேரத்தைச் சரிபார்க்கும் கணக்கு நிரம்பி வழிந்து, செயலிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் உறைந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் அந்த எல்லையை எட்ட ஏறத்தாழ 87 நாட்கள் ஆகும். 3 கிகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ 70 நாட்கள். தினமும் மின்சாரம் போன காலத்தில் எண்ணி அந்த உயரத்தை எட்டவே இல்லை என்பது இப்போது விளங்கும். இதற்கு எங்கள் ஹோஸ்ட், கெஸ்ட்களை உண்மையாகவே அணைக்கும்படி அமைக்கப்பட்டிருந்ததும் காரணம். நினைவகத்தை வட்டில் சேமித்து மீட்கும் முறையில் இருந்திருந்தால், எண்ணியின் பெறுமதியும் கூடவே மீண்டு வந்திருக்கும்.

இதற்கான திருத்தம் 2022இல் வெளியான கியூஎமு 7.0இல் சேர்ந்தது. ஒருமுறை ஓடிவிட்ட செயலியை ரீசெட் செய்யும்போது பூச்சியத்துக்குப் பதிலாக 1 என்று எழுதுகிறார்கள், அவ்வளவுதான். இவ்வளவு சிறிய மாற்றத்தின் பின்னால் எத்தனை பொறுமையான தேடல் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது, அதைச் செய்தவர்கள் மீது மனமார்ந்த மரியாதை உண்டாகிறது. டெபியன் 11இல் இருந்தது கியூஎமு 5.2, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் இருப்பது 7.2. ஹோஸ்ட்டை டெபியன் 12க்கு மாற்றிய பின், நீண்ட காலம் ஓடிய நிலையிலும் விண்டோஸ் சேர்வர் ஒழுங்காக ரீபூட் ஆகிறது.

மாற்றும் வரையிலான இடைக்காலத்தில், மாதம் ஒருமுறை ஞாயிறு இரவில் விண்டோஸை உள்ளேயிருந்து முறையாக அணைத்து, செயல்முறை முடிந்ததை உறுதிசெய்து, மறுபடி இயக்கும் வழக்கத்தை வைத்திருந்தோம். உடனடியாகப் புதிய பதிப்புக்குப் போக முடியாதவர்களுக்கு அதுவே போதும். லிப்வெர்ட் அமைப்பில், ரீபூட் கேட்கப்பட்டால் செயல்முறையையே முடித்துவிடும்படியும் குறிக்கலாம். ஆனால் அதை மறுபடி இயக்கும் ஏற்பாடு தனியாகத் தேவை. உறைந்தே விட்டால், வலுக்கட்டாயமாக நிறுத்தும் விர்ஷ் டெஸ்ட்ரோய் கட்டளை தவிர வேறு வழியில்லை. அது வட்டுக் கோப்பை அழிப்பதில்லை, மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம். ஆகவே தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கவில்லை என்பது திரையிலிருந்து உறுதியான பின்னரே அதைக் கொடுக்க வேண்டும். மேலெழும் கட்டத்தில் நின்ற கணினிக்கு அந்த ஆபத்து குறைவு.

கியூஎமு பொதியைப் புதுப்பித்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிகள் பழைய நிரலிலேயே தொடரும். உள்ளேயிருந்து ரீபூட் செய்தாலும் புதிய நிரல் அவற்றுக்கு வராது. புதுப்பித்த அன்றே ஒவ்வொன்றையும் முழுமையாக நிறுத்தி இயக்க வேண்டும். பழைய வெளியீடுகளைப் பயன்படுத்துவோர், தங்கள் பொதியின் மாற்றப் பதிவில் இந்தத் திருத்தம் அந்தப் பழைய பதிப்புக்கும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பதிப்பு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.