பழைய மர டெக்: பழுதுபார்க்கலாமா, பிரித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று பரிசோதித்துச் சொன்ன தச்சர்

வீட்டையொட்டி வெளியே மரப்பலகையில் போடுகிற திறந்த மேடைதான் டெக். அது பழசாகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. புது டெக் போடுகிறவரைக் கூப்பிட்டால் பிரித்துப் போடச் சொல்வார். பெயின்ட் அடிப்பவரைக் கூப்பிட்டால் இரண்டு கோட்டிங்கில் சரியாகிவிடும் என்பார். நாங்கள் பரிசோதனைக்கென்று தனிக் கட்டணம் வாங்குகிற ஒரு தச்சரை அழைத்தோம். வேலையை அவருக்கே கொடுக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை, எழுதிக் கொடுத்ததை வைத்து யாரிடம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பரிசோதனையையும் அதன்பிறகு அவர் ஆட்கள் செய்த வேலையையும் பற்றித்தான் இந்த விமர்சனம்.

எங்கள் டெக்குக்குப் பதினைந்து வயது. மக்காமலிருக்க மருந்து ஏற்றிய பைன் மரம், வீட்டுச் சுவரோடு ஒரு பக்கம் ஒட்டியது, தரையிலிருந்து இடுப்பளவு உயரம். மாமனார் மாலை நேரம் முழுக்க அங்கேதான் இருப்பார். தண்ணீர்க் குழாய் பக்கமாக நடக்கும்போது அவருடைய கைத்தடியின் நுனி ஒரு பலகைக்குள் இறங்கிவிட்டது. அவர் விழவில்லை. ஆனால் அன்றோடு அவரை அங்கே உட்காரவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வந்த ஒரு நிறுவனத்தின் ஆள் டெக் மேல் நின்றபடியே நீள அகலம் அளந்தார், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் காம்போசிட் பலகைகளின் மாதிரிகளைக் காட்டினார், மொத்தமும் போய்விட்டது என்றார். கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். பார்க்காமல் எப்படித் தெரிந்தது என்பதுதான் என்னை உறுத்தியது.

தச்சரோ தொலைபேசியிலேயே, "நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் வரட்டுமா அம்மா?" என்று கேட்டார். காய்ந்த நாளில் எல்லா மரமும் ஒரே மாதிரி தெரியும், மழைக்கு அடுத்த நாள் எங்கே தண்ணீர் தங்குகிறது என்று மரமே காட்டிக்கொடுக்கும் என்றார். வந்தவர் மேலே ஒரு சுற்று நடந்துவிட்டு, டார்ச், குத்தூசி, ஈரப்பதமானி, ஒரு சின்னக் கண்ணாடி இவற்றோடு நேராக டெக்குக்கு அடியில் நுழைந்துவிட்டார். நானும் ஒரு பழைய பாயை விரித்துக்கொண்டு பின்னால் போனேன்.

கீழே போய்ப் பார்த்த பிறகுதான் டெக் என்றால் என்னவென்றே எனக்குப் புரிந்தது. மேலே நாம் நடக்கிற பலகை வெறும் தோல். அதைத் தாங்குவது குறுக்கே ஓடும் சட்டங்கள், அவற்றைத் தாங்குவது உத்தரம், அதைத் தாங்குவது தூண்கள். மறுபக்கம் முழுப் பாரமும் சுவரோடு ஒட்டிய ஒரே ஒரு நீளமான பலகையில் தொங்குகிறது. வெளுத்துப் போவது, வெடிப்பு, சிராய் எழும்புவது எல்லாம் தோலில்தான். அவற்றைப் பார்த்துப் பயப்படுகிறோம். பயப்படவேண்டியது கீழே இருக்கிறது.

குத்தூசிச் சோதனையை அவர் என்னையே செய்யச் சொன்னார். நடுவில் இருந்த ஒரு சட்டத்தில் ஊசியை வைத்து அழுத்தினேன். நுனி மட்டும் இறங்கி நின்றுவிட்டது. பிடுங்கும்போது மரம் அதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. அதே ஊசியைச் சாய்த்து நெம்பினால் நீளமான நாராக, சடக்கென்ற சத்தத்தோடு சிராய் எழும்பியது. குழாய்க்கு நேர் கீழே இருந்த சட்டத்தில் அழுத்தியபோது ஒரு தடையும் இல்லாமல் பாதி ஊசி உள்ளே போய்விட்டது. நெம்பினேன். சத்தமே இல்லை. பொட்டுப் பொட்டாக, குறுக்கு வாக்கில் உடைந்து கையில் உதிர்ந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டு சட்டமும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. இந்தச் சோதனைக்கு ஒரு நல்ல ஸ்குரு டிரைவரே போதும். டெக் வைத்திருக்கிற யாரும் வருடத்துக்கு ஒருமுறை செய்துபார்க்கலாம்.

ஈரப்பதமானி சொன்னதும் அதேதான்: நடுச் சட்டங்களில் 16 சதவீதம், குழாயடியில் 31. மரத்தை மக்கவைக்கிற பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற மரத்தில் அது வளராது. 30-ஐ ஒட்டிப் போய்விட்டால் நன்றாக வேர்விடும். ஆகவே மரத்தின் வயதைவிட அது எத்தனை நாள் நனைந்தே கிடந்தது என்பதுதான் கணக்கு. சட்டங்களின் மேல்விளிம்புதான் முதலில் போகிறது. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே தண்ணீர் தேங்கி, ஸ்குரு ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிறது. அறுத்த முனைகளும் அப்படித்தான், பக்கவாட்டில் குடிப்பதைவிட முனை வழியாக மரம் பலமடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும்.

அவர் ரொம்ப நேரம் செலவிட்டது சுவரோரம். எங்கள் டெக்கின் சுவர்ப் பலகை வெறும் ஆணியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு போல்ட்கூட இல்லை. பலகைக்கு மேலே தண்ணீரைத் திருப்பிவிடுகிற தகடும் இல்லை. டெக் இடிந்து விழுகிற விபத்துகளில் மிக அதிகமாகச் சொல்லப்படும் காரணம் இந்தப் பலகை சுவரை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வருவதுதான். ஆணி பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்கும், வெளியே இழுக்கிற விசையைத் தாங்காது. விருந்து நாளில் எல்லோரும் ஒரே ஓரத்தில் கூடும்போது என்ன ஆகும் என்று அவர் சொல்லச் சொல்ல, கடந்த வருடங்களில் அங்கே கூடிய கூட்டமெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

இதை மிகைப்படுத்துவதாக யாரும் நினைக்கவேண்டாம். 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பால்கனி நள்ளிரவுக்குப் பிறகு பெயர்ந்து விழுந்து 6 மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு எட்டு வயதுதான். பூச்சுக்குள்ளே மறைந்திருந்த மரச் சட்டங்கள் ஈரத்தில் மக்கிப் போயிருந்தன. அதன்பிறகு, அடுக்குமாடிக் கட்டடங்களில் உயரத்தில் இருக்கும் மரத் தளங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதித்தே ஆகவேண்டும் என்று 2018-இல் அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் ஆடுகிற இடத்தை அடியில் போய்ப் பார்க்காமல் "பரவாயில்லை, தாங்கும்" என்று சொல்பவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது.

தூண்களில் ஒன்று மண்ணில் நேரடியாகப் புதைந்திருந்தது. மண்ணைக் கொஞ்சம் விலக்கிக் குத்தினார். மண்மட்டத்தை ஒட்டிய இடம் மட்டும் மெத்தென்று இருந்தது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அதுதானாம். சட்டங்களைத் தாங்கும் இரும்புக் கொக்கிகளை டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளைப் பொடியாக இருந்தால் மேலே பூசிய துத்தநாகம் தேய்கிறது என்று அர்த்தம், சிவப்பாகச் செதில் விட்டால் இரும்பே போகத் தொடங்கிவிட்டது. இன்றைய மரத்தில் ஏற்றுகிற மருந்தில் செம்பு அதிகம், அது சாதாரண ஆணியையும் ஸ்குருவையும் சீக்கிரம் அரித்துவிடும். நன்றாகத் துத்தநாகம் ஏற்றியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ மட்டும்தான் போடவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

சரி, முடிவு என்ன? மொத்தச் சட்டங்கள் பதினான்கு. அதில் மூன்றுதான் போயிருந்தன. உத்தரம் நன்றாக இருந்தது. கறையான் மண் எங்கும் இல்லை. சுவர்ப் பலகையின் மரம் கெட்டி, பிடிமானம்தான் மோசம். ஆகவே பழுதுபார்க்கலாம் என்றார். "சட்டத்துல பாதிக்கு மேல போயிருந்தாலோ, உத்தரம் இத்துப்போயிருந்தாலோ நானே பிரிக்கச் சொல்லியிருப்பேன் அம்மா. அதுக்கு மேல செலவழிக்கிறது வீண்" என்றும் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து அவர் சொன்ன யோசனை. சட்டங்கள் நன்றாக இருப்பதால் மேலே மட்டும் காம்போசிட் பலகை போட்டுவிடலாமா என்று என் கணவர் கேட்டார். பராமரிப்பு குறைவு என்று அவருக்கு ஆசை. தச்சர் வேண்டாம் என்றார். இந்தச் சட்டங்களுக்கு, நன்றாகப் பார்த்துக்கொண்டால், இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. அதற்கு மேல் பல வருடம் உழைக்கிற விலை உயர்ந்த பலகையை அதன் தலையில் ஏற்றினால், சட்டம் முதலில் போகும், அப்போது நல்ல பலகையையும் பிரிக்கவேண்டிவரும். தவிர, காம்போசிட் பாரம் அதிகம், வளைவும் அதிகம். சட்டங்களுக்கு இடையே 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, பலகையை மூலைவாட்டில் போட்டால் 30. எங்கள் சட்டங்கள் ஓரிரு இடத்தில் அதைவிட அகலமாக இருந்தன. வெயிலில் அந்தப் பலகை மரத்தைவிடச் சுடும் என்பதையும் சொன்னார். வெறுங்காலோடு நடக்கிற மாமனாருக்கு அது ஒரு காரணமே போதும். பலகைக்கும் சட்டத்துக்கும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும் என்ற இந்தக் கணக்கை விற்பனைக்கு வந்த எவரும் எங்களிடம் சொல்லவில்லை.

வேலையையும் அவரிடமே கொடுத்தோம். பலகைகளை எல்லாம் கழற்றினார்கள். மக்கிய சட்டங்களில் ஒன்றை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். மற்ற இரண்டில் மக்கியதைச் செதுக்கி, பக்கத்தில் அதே நீளத்துக்குப் புதுச் சட்டம் சேர்த்து போல்ட் போட்டார்கள். மரத்தைக் கெட்டியாக்கும் திரவம், மரப்பட்டி இவற்றைப் பாரம் தாங்கும் எந்த இடத்திலும் பூசமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கைப்பிடியில் இருந்த சின்னப் பள்ளத்துக்கு மட்டும் பட்டி வைத்தார். சுவர்ப் பலகைக்கு போல்ட்டும் மேலே தகடும் வந்தன. புதைந்திருந்த தூணை மாற்றி, கான்கிரீட் மேல் இரும்புப் பாதம் வைத்து, மண்ணைத் தொடாமல் நிறுத்தினார்கள். எல்லாச் சட்டங்களின் மேல்விளிம்பிலும் பிசின் நாடா ஒட்டினார்கள். ஸ்குரு அதைத் துளைத்துப் போகும்போது பிசின் சுற்றிலும் இறுகிக்கொண்டு தண்ணீரை விடாதாம். செலவில் மிகச் சின்னது அது. பழைய பலகைகளில் மூன்றில் இரண்டு பங்கை அப்படியே திருப்பிப் போட்டார்கள், அடிப்பக்கம் புத்தம் புதுசு போல இருந்தது.

குறைகளும் உண்டு. தேதி கிடைக்க நெடுநாள் காத்திருக்கவேண்டியிருந்தது, அதுவரை டெக்கைப் பூட்டித்தான் வைத்திருந்தோம். கையெழுத்தில் எழுதிய அறிக்கையில் சில வரிகளை அவரையே கேட்டுப் படிக்கவேண்டியிருந்தது. புதுப் பலகைகள் பச்சை கலந்த மஞ்சள், திருப்பிய பலகைகள் பழுப்பு; ஒட்டுப்போட்ட துணி போலத் தெரிகிறது. வெயில் பட்டால் எல்லாம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும் என்கிறார், ஆனால் பார்வைக்கு முக்கியத்துவம் கொடுப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளவேண்டும். எண்ணெயும் உடனே பூசித் தரவில்லை. மருந்து ஏற்றிய புது மரம் ஈரமாக இருக்கும், காயவேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நின்றால் பொறுங்கள், உறிஞ்சினால் பூசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வார்னிஷ் போலப் படலமாக உட்காருவதைத் தவிர்த்து உள்ளே ஊறுகிற எண்ணெயாக வாங்கச் சொன்னார். படலம் உரிந்தால் மொத்தத்தையும் சுரண்டித்தான் ஆகவேண்டும். அழுத்த நீர்ப் பம்பை மரத்துக்குக் கிட்டே கொண்டுவரவே வேண்டாம் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு, அது நார்களைப் பிய்த்துவிடும்.

கழித்த மரத்தை அவர்களே எடுத்துப் போனார்கள். மருந்து ஏற்றிய மரத்தை அடுப்பிலோ குப்பையோடோ எரிக்கக்கூடாது. அதிலும் பழைய டெக்குகளில் ஆர்செனிக் கலந்த மருந்து இருக்கும். வீட்டு உபயோக மரத்தில் அதை ஏற்றுவதை அமெரிக்காவில் 2003 இறுதியோடு நிறுத்தினார்கள், அதற்கு முந்தைய மரமாக இருந்தால் முகமூடி இல்லாமல் தேய்க்கவும் கூடாது. மரத்தை இவ்வளவு கவனமாக எடுத்துப் போனவர்கள் புல்லுக்குள் பழைய ஸ்குருக்களை விட்டுவிட்டார்கள். அவரிடம் சொன்னேன். மறுநாளே ஒரு பையனைக் காந்தத்தோடு அனுப்பிப் பொறுக்கவைத்தார். நீங்கள் இவரைப் போன்ற ஒருவரை வைத்துச் செய்தால், பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன் புல்லில் காந்தம் ஓட்டச் சொல்லுங்கள்.

மற்றபடி அடுத்த பரிசோதனைக்கும் இவரைத்தான் கூப்பிடுவேன், மழைக்கு மறுநாள்.