லிப்ரே ஆஃபீஸ்: மஞ்சக்குப்பத்தில் கொடுத்துப் பார்த்ததில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பகலில் கணக்கு எழுதும் வேலை, மாலையில் கணினி வகுப்பு. வாடிக்கையாளர், மாணவர் இரு தரப்புக்கும் பல ஆண்டுகளாக வேர்ட், எக்செல் செய்யும் வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸைத்தான் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறேன். நிறுவியதும் பத்து நிமிடம் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்த கணினிகளில்தான் அது நிலைத்திருக்கிறது.

முதல் வேலை, கோப்புகள் தாமாகவே வேர்ட், எக்செலின் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமிக்கப்படும்படி ஆப்ஷன்ஸில் மாற்றுவது. இல்லாவிட்டால் லிப்ரேயின் சொந்த வடிவமான ஓடிடி கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வாங்கியவர் கைப்பேசியில் திறக்காமல், பழி நம் தலையில் விழும். ஓடிடி அடங்கிய ஓடிஎஃப் வடிவம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்னும் உலகத் தரமாகிவிட்டது என்ற விளக்கமெல்லாம் அப்போது எடுபடாது.

அடுத்தது, தட்டச்சைத் தானாகத் திருத்தும் ஆட்டோகரெக்ட்டை அணைப்பது. இங்கே கலெக்டர் அலுவலகத்துக்கு மனு தட்டச்சு செய்கிறவர்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினியை இன்னும் விடாதவர்கள் உண்டு. அதில் ஆங்கிலச் சிறிய எம் என்றால் 'அ', பெரிய எம் என்றால் 'ஆ'. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இயங்கினால், 'அய்யா' என்று தொடங்கும் மனு 'ஆய்யா' ஆகிவிடும். வேர்டிலும் இதே தொல்லைதான். ஆனால் அங்கே எங்கே அணைப்பது என்று பழகியிருப்பார்கள். யூனிகோடுக்கு வந்துவிட்டால் இந்த வம்பே இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"சும்மா கொடுக்கிறீர்களே சார், பின்னால் பணம் கேட்டு வருவார்களா?" என்றார் பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர். அதுவரை அவர் கணினியில் ஓடியது எம்எஸ் ஆஃபீஸின் கள்ளப் பதிப்பு! மொசில்லா பொது உரிமத்தில் வரும் மென்பொருள் இது, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துத் தரலாம் என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை. லிப்ரேயின் எக்செலான கால்க்கில் இருப்புக் கணக்கு சரியாக வந்த பிறகே நம்பினார்.

மாணவர்களிடம் அவ்வளவு பாடில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலிலேயே ஓப்பன் ஆஃபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் இருக்கின்றன. 2010-இல் அதிலிருந்து பிரிந்ததுதான் லிப்ரே என்பதால் மெனுக்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நேர்முகத் தேர்வில் "எக்செல் தெரியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். சம்இஃப், விலுக்கப் போன்ற சூத்திரங்கள் எல்லாம் இரண்டிலும் ஒன்றே என்பதால் தயங்காமல் தெரியும் என்று சொல்லச் சொல்கிறேன். எக்ஸ்லுக்கப் மட்டும் லிப்ரேயில் 2024-இல் வந்த 24.8 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அவசியம் புதுப்பிக்க வேண்டும்.

லிப்ரே கைவிடும் இடம் மேக்ரோதான், அதாவது கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல். ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-9-க்குரிய ஆஃப்லைன் கோப்பு எக்செல் மேக்ரோவை நம்பி எழுதப்பட்டது. கால்க்கில் அதைத் திறந்து போராடுவது வீண். அந்த வேலைக்காக அலுவலகத்தில் ஒரு கணினியில் உரிமத்தோடு எக்செல் வாங்கி வைத்திருக்கிறேன். மேக்ரோ கோப்புகளிலேயே நாள் முழுக்க உழல்கிறவர்கள் கேட்டால் பென்டிரைவை எடுப்பதே இல்லை.