வன்னி வீதிகளுக்கு எந்த வழிகாட்டிச் செயலி பொருந்தும்?

இலங்கையின் வடக்கே வன்னியில், ஓமந்தையிலிருந்து ஆனையிறவு வரை ஏ9 வீதியில் மட்டும் வாகனம் ஓட்டுபவருக்கு வழிகாட்டிச் செயலி தேவையில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு நேரே போனால் கிளிநொச்சி வந்துவிடும். மாங்குளத்தில் கிழக்கே ஒட்டுசுட்டானுக்கோ மேற்கே மல்லாவிக்கோ திரும்பி, அங்கிருந்தும் உள்ளே இறங்கி, ஒரு குளத்துக்குக் கீழே உள்ள வயலைத் தேடும்போதுதான் அதன் தேவை தொடங்குகிறது. நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தும் தொழிலுக்காக நான் வாரத்தில் ஐந்து நாட்களாவது இப்படிப்பட்ட வீதிகளில் ஓடுகிறேன். கூகுள் மேப்ஸ், வேஸ், ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் ஆகிய நான்கையும் ஒரே கைபேசியில் வைத்துப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் சிக்னல். கைபேசி தான் நிற்கும் இடத்தைச் செய்மதிகளிலிருந்து அறிந்துகொள்கிறது. அதற்கு டேட்டா வேண்டியதில்லை. வரைபடத்தைப் பெறுவதற்கும், சில செயலிகளில் வழியைக் கணிப்பதற்குமே டேட்டா வேண்டும். இந்த வேறுபாடு தெரியாததால், காட்டோர வீதியில் சிக்னல் அற்றுப்போனவுடன் செயலியே செத்துவிட்டதென்று பலர் கைபேசியை அணைத்துவிடுகிறார்கள். ஓர்கானிக் மேப்ஸும் ஓஸ்மாண்டும் வரைபடத்தை முழுமையாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, தேடலையும் வழிக்கணிப்பையும் கைபேசிக்குள்ளேயே செய்பவை. கூகுள் மேப்ஸும் 2015ஆம் ஆண்டிலிருந்து தரவிறக்கிய பகுதிக்குள் இணையமின்றித் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்கிறது. ஆனால் அப்போது போக்குவரத்து நெரிசல் விபரமும் மாற்று வழிகளும் கிடைக்கமாட்டா. தரவிறக்கிய பகுதியை ஓர் ஆண்டுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். வேஸ் இந்த விடயத்தில் மிகவும் பின்தங்கியது. இணைப்பு இருக்கும்போது கணித்த வழியில் அது தொடர்ந்து கூட்டிச்செல்லும். இணைப்பில்லாத இடத்தில் புதிய இடமொன்றைத் தேட அதனால் முடியாது.

அடுத்தது, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: வீதியின் மேற்பரப்பு. இங்கே ஒரு வீதியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது காப்பற் (கார்பெட்) வீதியா, தாரா, கிரவலா (சரளையா), வெறும் மண்ணா என்பதையே. வைகாசியில் ஓடக்கூடிய கிரவல் பாதை கார்த்திகையில் ஓடமுடியாததாகிவிடும். கூகுள் மேப்ஸில் கட்டண வீதிகளையும் நெடுஞ்சாலைகளையும் படகுச் சேவைகளையும் தவிர்க்கும் தெரிவுகள் உண்டு. செப்பனிடாத பாதைகளைத் தவிர்க்கும் தெரிவு இல்லை. கட்டண வீதியே இல்லாத எங்கள் மாவட்டங்களில் இருக்கும் தெரிவு உதவாது, உதவக்கூடிய தெரிவு இல்லை. வேஸில் மண் பாதைகளை அனுமதிக்கவும், தடுக்கவும், நீளமானவற்றை மட்டும் தவிர்க்கவும் தனித்தனித் தெரிவுகள் உள்ளன. ஓர்கானிக் மேப்ஸிலும் ஓஸ்மாண்டிலும் செப்பனிடாத வீதிகளைத் தவிர்க்கலாம். இவையிரண்டும் 2004இல் தொடங்கப்பட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு வீதிக்கும் மேற்பரப்பைக் குறிக்க இடமுண்டு. உழவு இயந்திரத் தடத்தையும் ஊர் வீதியையும் வேறுபடுத்தியும் பதியலாம். ஆயினும் யாரோ ஒருவர் அதைப் பதிந்திருந்தால்தான் அந்தத் தெரிவு வேலை செய்யும். பதியப்படாத கிரவல் பாதையைச் செயலி நல்ல வீதியென்றே எடுத்துக்கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், முத்தையன்கட்டுப் பக்கம் போகும்போது நான் அப்போது பயன்படுத்திய செயலியொன்று குறுக்குவழி காட்டியது. ஆறு கிலோமீற்றர் குறைவு என்றது. அது வாய்க்கால் கரையோரம் உழவு இயந்திரம் போய்வரும் தடம். பாதித் தூரத்தில் பின்சில்லுகள் இரண்டும் புதைந்து, பக்கத்து வயல்காரர் உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுக்கும்வரை மூன்று மணித்தியாலம் மழையில் நின்றேன். அன்றிலிருந்து, தூரம் குறைந்த வழி என்று எந்தச் செயலி சொன்னாலும், புறப்படுமுன் அந்த வழி முழுவதையும் பெருப்பித்துப் பார்த்துவிட்டே எடுக்கிறேன்.

இதில் சேறு மட்டும் பிரச்சினையில்லை. முகமாலை போன்ற இடங்களில் ஹலோ ட்ரஸ்ட் முதலான அமைப்புகள் கண்ணிவெடி அகற்றும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கின்றன. இந்த நான்கு செயலிகளில் எதுவும் கண்ணிவெடி அபாயப் பகுதிகளைக் கருத்திற்கொண்டு வழி கணிப்பதில்லை. ஆகவே பற்றைக்குள் நுழையும் ஒற்றையடித் தடத்தைச் செயலி காட்டுகிறது என்பதற்காக, ஊர்ச்சனம் பாவிக்காத பாதையில் எவரும் இறங்கக்கூடாது.

மழைக்காலத்து நிலைமையையும் செயலிகளால் உடனுக்குடன் அறிய முடிவதில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீதி மூடப்பட்டதைப் பயனர்கள் அறிவிக்கும் வசதி கூகுள் மேப்ஸிலும் வேஸிலும் இருக்கிறது. வேஸ் அதற்காகவே பெயர்பெற்றது. ஆனால் அந்த வசதி, அதே வீதியில் முன்னால் போனவர் எவராவது அறிவித்திருந்தால்தான் பயன்படும். கொழும்பில் அப்படிப் பலர் இருப்பார்கள். நெடுங்கேணி வீதியில் சில வேளை எனக்கு முன்னால் மாடுகள் மட்டுமே போகும். மாரியில் எனக்குக் கிடைக்கும் மிகச் சரியான அறிவித்தல், குளம் நிரம்பி வழியும் நாளில் வாடிக்கையாளரான ஐயா ஒருவர் தொலைபேசியில் சொல்வதுதான்: “தம்பி, கட்டால வராதேங்கோ, குளம் வான் பாயுது. றோட்டாலயே சுத்தி வாங்கோ.”

இடம் தேடுவதில் கூகுள் மேப்ஸுக்கு ஈடில்லை. கடைகள், வங்கிகள், எரிபொருள் நிலையங்கள் அதிலேயே அதிகம் பதியப்பட்டுள்ளன. 2018இலிருந்து தமிழிலும் குரல் வழிகாட்டுகிறது. ஆனால் ஊர்ப்பெயரில் கவனம் வேண்டும். புதுக்குடியிருப்பு முல்லைத்தீவு மாவட்டத்திலும் உண்டு, மன்னாரிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. முதலில் வரும் பெயரைத் தொட்டுவிட்டுப் புறப்படக்கூடாது. வயலுக்கு விலாசம் கிடையாது. அதனால் வாடிக்கையாளரிடம் வாட்ஸப்பில் லொக்கேஷன் அனுப்பச் சொல்வேன், அல்லது பிளஸ் கோட் (விலாசமில்லாத இடத்தையும் எழுத்தும் எண்ணும் சேர்த்துக் குறிக்கும் சிறு குறியீடு) கேட்பேன். பிளஸ் கோட்டை ஓர்கானிக் மேப்ஸிலும் ஓஸ்மாண்டிலும் தட்டித் தேடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நேரக் கணிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீதியில் போகும் கைபேசிகளின் வேகத்தைத் திரட்டியே கூகுள் மேப்ஸ் நெரிசலைக் கணிக்கிறது. ஏ9இல் அது பெரும்பாலும் சரியாக வருகிறது, வாகனம் குறைந்த உள்வீதிகளில் அந்தளவு நம்பமுடியாது. முச்சக்கர வண்டியில் போகிறவர்கள் காருக்குரிய நேரத்தை நம்பிப் புறப்பட்டால் நிச்சயம் பிந்துவார்கள்.

ஓஸ்மாண்டும் ஓர்கானிக் மேப்ஸும் ஒரே வரைபடத்தைக் கொண்டவை என்றாலும் பயன்பாட்டில் வெகுதூரம் வேறுபடுகின்றன. ஓஸ்மாண்டில் தெரிவுகள் மிக அதிகம், பழக நாளெடுக்கும், இலவசப் பதிப்பில் தரவிறக்க எண்ணிக்கைக்கு வரையறையும் உண்டு. ஆனால் போன தடத்தைப் பதிந்து, அடுத்த முறை அதன்மேலேயே வழிகாட்டச் செய்யும் வசதி அதில் மிக நேர்த்தியானது. வரைபடத்தில் இல்லாத வயற்பாதைகள் இருபதுக்கு மேல் இப்படி என்னிடம் இருக்கின்றன. 2021இல் வெளிவந்த ஓர்கானிக் மேப்ஸ் விளம்பரமற்றது, எளிமையானது, பழைய கைபேசியிலும் தடங்காமல் ஓடுவது.

வன்னிக்குள் அன்றாடம் ஓடுபவர் ஒரே ஒரு செயலியைத்தான் வைத்திருக்கமுடியும் என்றால், செப்பனிடாத வீதியைத் தவிர்க்கும் தெரிவை இயக்கிய ஓர்கானிக் மேப்ஸையே நான் சொல்வேன். இடம் இருந்தால் கூகுள் மேப்ஸையும் வைத்து, கடையையும் ஊரையும் அதில் தேடி, ஓட்டத்துக்கு மற்றதைத் திறப்பது நல்லது. வேஸை நான் வவுனியாவுக்குத் தெற்கே போகும் நாட்களில் மட்டுமே திறக்கிறேன். ஓஸ்மாண்ட், என்னைப்போல ஒரே வயலுக்குத் திரும்பத்திரும்பப் போகும் தொழில் உள்ளவர்களுக்கு.

எதை வைத்திருந்தாலும் ஐப்பசி பிறக்குமுன் வைஃபை உள்ள இடத்தில் வரைபடங்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் வீதி கிரவல் என்பதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியச் சில நிமிடங்களே ஆகும். ஓர்கானிக் மேப்ஸின் அடுத்தடுத்த வரைபடப் புதுப்பித்தல்களில் அது வந்து சேர்ந்துவிடும்.